புரட்டாசி முதல் சனிக்கிழமையில் ஒரு ஸ்டாண்ட்-அப் இரவு: டர்பன் நிகழ்வு ஆய்வு

2023 செப்டம்பர் 23, சனிக்கிழமை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் ஒரு சிறிய காமெடி கிளப்பில், தமிழ் வகுப்புக்கு நிதி திரட்ட ஒரு ஸ்டாண்ட்-அப் இரவு நடத்தினோம். ஏற்பாட்டுக் குழுவின் ஆறு பேரில் நானும் ஒருவன். அடுத்து இப்படி நடத்த நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். ஆட்களின் பெயர்களையும் கிளப்பின் பெயரையும் விட்டுவிட்டேன். பேச்சுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தவை, தமிழாக்கம் என்னுடையது.

பின்னணி

டர்பனில் இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கோயில் கூடத்தில் சனிக்கிழமை காலை தமிழ் வகுப்பு நடக்கிறது. சுமார் நாற்பது பிள்ளைகள். நான் தமிழ்நாட்டிலிருந்து வந்து சில வருடங்களாக அங்கே பாடம் எடுக்கிறேன். அந்த வருடம் பயிற்சி ஏடுகள் அச்சடிக்க 8,000 ராண்ட் தேவைப்பட்டது.

வழக்கமாக இதற்கு பிரியாணி விற்போம். டர்பனில் எந்தப் பொதுக் காரியத்துக்கும் பிரியாணிதான் வங்கி. ஆனால் வருடத்துக்கு நாலு தடவை அதே நூறு வீடுகளுக்கு அதே பிரியாணியைக் கொண்டுபோய் நிற்க எங்களுக்கே கூச்சமாகிவிட்டது. பழைய மாணவர் ஒருவர்தான் ஸ்டாண்ட்-அப் என்று ஆரம்பித்தார். இந்த ஊர் இந்தியர்களுக்கு மேடைச் சிரிப்பு புதிதல்ல. தமிழும் இந்தியும் ஜூலுவும் ஆஃப்ரிகான்ஸும் கலந்த ஒரு டர்பன் ஆங்கிலம் இருக்கிறது. அதில் பேசி ஆட்களைச் சிரிக்க வைப்பவர்களுக்கு இங்கே நல்ல கூட்டம் உண்டு.

1860 நவம்பர் 16 அன்று, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ மதராஸிலிருந்து இந்தத் துறைமுகத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு நாலைந்து தலைமுறை ஆகிவிட்டது. வீட்டு மொழி ஆங்கிலமாகிவிட்டது. தமிழ் கோயிலிலும் சமையலறையிலும் உறவுப் பெயர்களிலும் மிச்சம் இருக்கிறது. ஆயா என்றால் பாட்டி. அரிசி கழுவுவது முதல் ஆள் திட்டுவது வரை ஆயாவிடம் கேட்ட சில சொற்கள் எல்லார் வாயிலும் இருக்கும். ஆனால் முழு வாக்கியம் வராது. பின்னால் நான் செய்த ஒரு தவறு இதிலிருந்து வந்ததுதான்.

ஜூன்: ஒப்பந்தம்

கிளப் சாட்ஸ்வொர்த்திலிருந்து காரில் இருபது நிமிடம். முன்பக்கம் பார், பின்பக்கம் 90 நாற்காலி போடக்கூடிய, கூரை தாழ்ந்த, ஜன்னல் இல்லாத அறை. ஸ்டாண்ட்-அப்புக்கு அது நல்ல அறை. கூரை தாழ்வாகவும் ஆட்கள் நெருக்கமாகவும் இருந்தால் ஒருவர் சிரிப்பு அடுத்தவருக்குத் தொற்றும். கல்யாண மண்டபத்தில் அதே நகைச்சுவை உயரமான கூரைக்குள் கரைந்துபோகும்.

மேலாளர் சொன்ன கணக்கு எளிமையானது. அறைக்கு வாடகை கிடையாது. டிக்கெட் பணம் முழுக்க எங்களுக்கு. ஆனால் எங்கள் கூட்டம் பாரில் குறைந்தது 12,000 ராண்டுக்கு வாங்க வேண்டும். குறைந்தால் அந்தக் குறையை நாங்கள் கட்ட வேண்டும். காமெடி கிளப்புகள் பல ஊர்களில் இப்படித்தான் பிழைக்கின்றன. டிக்கெட்டில் அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் நிற்காது, குடியில்தான் நிற்கும். 90 பேர், ஆளுக்கு 133 ராண்ட். இரண்டு பீர், ஒரு சிப்ஸ். யாருக்கும் அது பெரிய தொகையாகத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டோம். டிக்கெட் 150 ராண்ட்.

தேதியை நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். செப்டம்பர் 24 பாரம்பரிய தினம். 2023-ல் அது ஞாயிறு என்பதால் திங்களும் விடுமுறை. நீண்ட வார இறுதி. அந்தச் சனிக்கிழமை இரவு 9 மணிக்குப் பாரிஸில் உலகக் கோப்பை ரக்பி, தென்னாப்பிரிக்காவும் அயர்லாந்தும். அதையும் பார்த்தோம். இங்கேயும் பாரிஸிலும் அப்போது ஒரே நேரம். அதனால் 6:30-க்கு ஆரம்பித்து 8:30-க்கு முடித்துவிடலாம், ஆட்டம் பார்ப்பவர்கள் முன்பக்கம் போய் உட்காரட்டும், பாருக்கும் வியாபாரம் என்று கணக்குப் போட்டோம். மின்வெட்டு அட்டவணையையும் பார்த்தோம். அந்த வருடம் அதைப் பார்க்காமல் இந்த நாட்டில் யாரும் ஒரு பிறந்தநாள்கூடக் கொண்டாடவில்லை.

ஆக, ரக்பி நாட்காட்டி பார்த்தாயிற்று, அரசு விடுமுறை பார்த்தாயிற்று, மின்சாரம் பார்த்தாயிற்று. அந்த நாள் புரட்டாசியின் முதல் சனிக்கிழமை என்பது ஆறு தமிழர்கள் உட்கார்ந்த கூட்டத்தில் பேச்சிலேயே வரவில்லை. தெரியாமல் இல்லை. செப்டம்பர் நடுவில் புரட்டாசி வரும் என்று எல்லாருக்கும் தெரியும். அது கோயில் சமாசாரம், காலையில் முடிந்துவிடும் என்று ஒதுக்கி வைத்திருந்தோம். அதை வரவு செலவில் வரும் ஒரு விஷயமாக யாரும் நினைக்கவில்லை.

ஆகஸ்ட் கடைசி: சுவரொட்டி போன பிறகு

சுவரொட்டியில் ஒரு மைக், ஒரு பீர் கோப்பை. வாட்ஸ்அப்பில் போன அன்று மாலையே முதல் அழைப்பு. வகுப்பில் படிக்கும் ஒரு பையனின் பாட்டி. "சார், பர்ட்டாசி முதல் சனிக்கிழமைன்னு உங்களுக்குமா தெரியாது?" அந்த 'உங்களுக்குமா' இன்னும் உறுத்துகிறது.

இங்கே பல தமிழ்க் குடும்பங்கள் புரட்டாசி மாதம் முழுக்கக் கறி மீன் தொடுவதில்லை. குடிப்பவர்கள்கூட அந்த மாதம் நிறுத்திவிடுவார்கள். இதை ஃபாஸ்டிங் என்பார்கள். நான் இங்கே வந்த புதிதில் ஒருவர் "நான் ஃபாஸ்டிங்" என்று சொல்லிவிட்டு ஒரு தட்டு காய்கறி பிரியாணியைக் காலி செய்வதைப் பார்த்துத் திகைத்திருக்கிறேன். இங்கே அந்தச் சொல்லுக்குப் பட்டினி என்று அர்த்தமில்லை; சைவமாக இருக்கிறேன் என்று அர்த்தம்.

அடுத்த பத்து நாளில் வந்த அழைப்புகளை நான் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். பத்தொன்பது. அவற்றில் ஐந்து பேர் அந்த மாதத்தில் பார் உள்ள இடத்துக்கே வரமாட்டோம் என்றார்கள். மற்றவர்கள் சொன்னது வேறு: வருவோம், பிள்ளைகளையும் கூட்டி வருவோம், ஆனால் குடிக்க மாட்டோம், அங்கே சைவமாக என்ன கிடைக்கும்?

குழுவில் எல்லாரும் அந்த ஐந்து பேரைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். ஆனால் வரவே மாட்டேன் என்பவரால் நமக்கு ஒரு டிக்கெட்தான் நட்டம். வந்து, சிரித்து, ஒரு கோக் மட்டும் குடித்துவிட்டுப் போகிறவரால்தான் 12,000 ராண்ட் இடிக்கும். அறை நிறைந்தாலும் கடனாளி ஆவோம் என்பதைக் கணக்குப் பார்க்கும் அக்கா ஒருவர்தான் முதலில் காகிதத்தில் போட்டுக் காட்டினார். செப்டம்பர் 5 அன்று விற்றிருந்தது 31 டிக்கெட்.

தள்ளிவைப்பதா?

முதலில் எல்லார் வாயிலும் வந்தது இதுதான். நாட்காட்டியை எடுத்துவைத்துப் பார்த்தோம். புரட்டாசி அக்டோபர் நடுவில் முடிகிறது. ஆனால் 15-ஆம் தேதியே நவராத்திரி தொடங்கிவிடுகிறது. அதற்குள் வரும் 21-ஆம் தேதி சனிக்கிழமை ரக்பி அரையிறுதி, 28 இறுதி ஆட்டம், இரண்டும் இரவு 9 மணி. நவம்பர் 12 தீபாவளி. அதற்கு முந்தின சனிக்கிழமை யாரும் வீட்டை விட்டு நகர மாட்டார்கள். தீபாவளிக்கு மறுநாள் கந்த சஷ்டி விரதம் தொடங்கி 18-ஆம் தேதி சனிக்கிழமை சூரசம்ஹாரம். டிசம்பர் நடுவில் பள்ளி வருடமே முடிந்துவிடும். அப்புறம் ஏடு அச்சடித்து யாருக்குக் கொடுப்பது?

ஒரு பக்கம் சலிப்பாகவும் இன்னொரு பக்கம் வேடிக்கையாகவும் இருந்தது. இரண்டு நாட்காட்டிகளை அடுத்தடுத்து வைத்தால் டர்பன் தமிழருக்கு பீர் குடித்துக்கொண்டு சிரிக்க வருடக் கடைசியில் ஒரு சனிக்கிழமை மிச்சம் இருப்பதே அபூர்வம்.

செப்டம்பர் 9: எடுத்த முடிவுகள்

தேதியை மாற்றவில்லை. ஒப்பந்தத்தை மாற்றக் கேட்டோம். மேலாளரிடம் போய் உள்ளதைச் சொன்னோம். அவர் தமிழரல்ல; புரட்டாசி என்றால் என்ன என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அப்படியென்றால் எனக்கு 90 பேர் வருவார்கள், ஒரு பாட்டிலும் திறக்காது" என்றார். சரியாகப் புரிந்துகொண்டார். ரக்பிக்கு முன்பக்க பார் எப்படியும் நிரம்பும் என்பதால் பின் அறையை 6,000 ராண்ட் நிலையான வாடகைக்குத் தந்தார். பார் நிபந்தனை ரத்து. இதைக் கேட்க எங்களுக்கு மூன்று நாள் தயக்கம். அவர் முடிவெடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அறைக்குள் மது வேண்டாம், முன்பக்கம் போய்க் குடிப்பது அவரவர் விருப்பம் என்று வைத்தோம். பாரை முழுக்க மூடச் சொல்லலாம் என்று குழுவில் இரண்டு பேர் வாதாடினார்கள். அடுத்தவர் கடையை மூடச் சொல்ல நமக்கு என்ன உரிமை என்று நான் மறுத்தேன். இப்போதும் அதுதான் என் கருத்து.

சாப்பாட்டைச் சேர்த்து டிக்கெட்டை 180 ஆக்கினோம். ஏற்கெனவே வாங்கிய 31 பேருக்குப் பழைய விலையிலேயே சாப்பாடு. கால் ரொட்டியைக் குடைந்து உள்ளே பீன்ஸ் கறி ஊற்றிய பீன்ஸ் பன்னி. இந்த ஊரில் பன்னி சௌ என்பது ரொட்டிக்குள் கறி. பனியா என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் என்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர் காதில் அது எப்படி விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. புரட்டாசி சனிக்கிழமையில் "ஒரு கால் பன்னி கொடுங்க" என்று ஆயாக்கள் கேட்பதைக் கேட்டால் நமக்குத்தான் தூக்கிவாரிப்போடும்.

நகைச்சுவையாளர்களுக்குத் தனித்தனியாகப் போன் செய்து, வரப்போவது யார் என்று சொன்னேன்: மூன்று தலைமுறை, பதின்மூன்று வயதுக்கு மேல் பிள்ளைகள், குடிக்காத கூட்டம். எதைப் பேசக்கூடாது என்று பட்டியல் கொடுக்கவில்லை. கடைசியாக மேடையேறும் மூத்தவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்: "என்னிடம் நாற்பது நிமிடச் சரக்கு இருக்கிறது. அதில் இருபத்தைந்து நிமிடம் சரக்கைப் பற்றித்தான்." மாற்றிக்கொள்கிறேன் என்றார்.

இன்னொரு முடிவு என் பிடிவாதம். இது தமிழ் வகுப்புக்கான நிகழ்ச்சி, ஆறு நிமிடமாவது முழுக்கத் தமிழில் ஒரு பகுதி வேண்டும், நானே பேசுகிறேன் என்றேன். தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவில் மதிப்பும் ஊக்கமும் தர வேண்டிய மொழிகளில் தமிழின் பெயர் இருக்கிறது என்று ஒரு சின்ன உரையே ஆற்றினேன். "பேர் இருக்கு அண்ணா, அறையில் ஆள் இருக்கா?" என்று கேட்டார் பழைய மாணவர். விட்டுக்கொடுக்கவில்லை.

அன்றைய இரவு

6:30-க்கு அறையில் 26 பேர்.

டிக்கெட் 82 விற்றிருந்தது. மழை இல்லை, மின்வெட்டு இல்லை. காரணம் பிறகுதான் விளங்கியது. சனிக்கிழமை, அதிலும் புரட்டாசி, சூரியன் இறங்கும் நேரத்தில் வீட்டில் விளக்கேற்றி, கோவிந்தா சொல்லி, கற்பூரம் காட்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். டர்பனில் செப்டம்பர் கடைசியில் ஆறு மணிக்குச் சற்று முன்புதான் சூரியன் மறையும். விளக்கு, பூஜை, உடை மாற்றல், இருபது நிமிடப் பயணம். சாப்பாட்டுக்குப் புரட்டாசியைக் கணக்கில் எடுத்த நாங்கள், நேரத்துக்கு எடுக்கவில்லை. 7:10-க்குத்தான் ஆரம்பிக்க முடிந்தது.

உட்கார வைப்பதிலும் ஒரு சிக்கல். குடும்பத்தோடு வருகிறவர்கள் பின்வரிசைக்குத்தான் போவார்கள். முன்வரிசையில் உட்கார்ந்தால் மேடையில் இருப்பவர் வாயில் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். முன்வரிசை காலியாக இருந்தால் பேசுகிறவர் பள்ளத்தைப் பார்த்துப் பேச வேண்டியிருக்கும். பின் மூன்று வரிசைக்குக் கயிறு கட்டி, முன்வரிசைகள் நிறைந்த பிறகே அவிழ்த்தோம். இது நன்றாக வேலை செய்தது. எண்பது வயது தாண்டிய ஓர் ஆயாவை நடு முன்வரிசையில் உட்கார வைத்தது எந்தத் திட்டமும் இல்லாமல் நடந்தது. முழங்கால் வலி, படி ஏற முடியாது என்றார்.

முதல் பேச்சாளர் இளைஞர். நான் போனில் சொன்னதைக் கேட்டிருந்தும், பதற்றத்தில் பழகிய எட்டு நிமிடத்தையே எடுத்தார்: கல்யாண வீட்டில் போதையில் ஆடும் மாமா. இந்த ஊரில் தோற்காத கதை. அன்று மெல்லிய சிரிப்புதான். இதை நான் கவனமாகப் பார்த்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை, புண்படவுமில்லை. மாமா பக்கத்திலேயே தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். குடிக்காத கூட்டத்தின் சிரிப்பு ஒரு நொடி தாமதமாக வருகிறது என்பதும் தெரிந்தது. முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். அந்த ஒரு நொடியை மௌனம் என்று நினைத்துப் பேச்சாளர் அடுத்த வரிக்குப் பாய்ந்தார். வரவிருந்த சிரிப்பையும் அவரே மிதித்துவிட்டார். ஒரு நிமிடம் இருக்கிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தபோது அவர் முகத்தில் நிம்மதி. இரண்டாமவர் இதைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு நிதானமாகப் பேசினார், பரவாயில்லை.

பிறகு நான். பன்னி என்ற சொல்லை வைத்து ஒரு கதை தயார் செய்திருந்தேன்: டர்பனில் இறங்கிய முதல் நாள், "மதியம் பன்னி சாப்பிடுவோமா" என்று அன்போடு கேட்ட ஓர் அர்ச்சகர். தமிழ்நாட்டில் சொன்னால் கூரை பிய்ந்திருக்கும். இங்கே எட்டு பேர் சிரித்தார்கள், அதில் ஐந்து பேர் என் மாணவர்கள். மற்றவர்கள் மரியாதையாகப் புன்னகைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த பிள்ளைகளிடம் அர்த்தம் கேட்டார்கள். ஆறு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது.

இடைவேளை இருபது நிமிடம் என்று போட்டிருந்தோம். சாப்பாட்டு வரிசையால் நாற்பது நிமிடம் ஆனது.

8:30-க்கு மேடையேறியவர் நாற்பது வயதுக்காரர், பகலில் செவிலியர். அந்த இரவைத் தூக்கி நிறுத்தியவர் அவர்தான். எடுத்த எடுப்பில் முன்வரிசை ஆயாவிடம் "ஆயா, ஃபாஸ்டிங்கா?" என்றார். ஆமாம் என்றார் ஆயா. "எத்தனை பன்னி சாப்பிட்டீங்க?" ஆயா இரண்டு விரலைக் காட்டினார். அறை அதிர்ந்தது. நாளை நாடு முழுக்கத் தெருவெல்லாம் இறைச்சி சுடும் புகை, பாரம்பரிய தினமாம், வருடா வருடம் நம் பாரம்பரியம் மட்டும் கத்தரிக்காய் சுட்டுக்கொண்டு ஜன்னலைச் சாத்திக்கொள்வது என்றார். கொள்ளுத் தாத்தா ஐந்து வருட ஒப்பந்தத்தில் கரும்புத் தோட்டத்துக்கு வந்தார், என் செல்போன் ஒப்பந்தம் இரண்டு வருடம், அவராவது முடிந்ததும் வெளியே வந்தார் என்றார். அப்புறம் என் பக்கம் கையைக் காட்டி, "வாத்தியார் ஆறு நிமிடமா என்ன சொன்னார்னா, அவங்க ஊர்ல பன்னின்னா பன்றி" என்று ஒரே வரியில் ஆங்கிலத்தில் போட்டார். அன்றைய மிகப் பெரிய சிரிப்பு அதுதான். என் நகைச்சுவை, என்னைத் தாண்டி.

அவர் பேச்சு ஆங்கிலம். ஆனால் ஆயா, பர்ட்டாசி, வடை, கோவிந்தா என்று வந்த தமிழ்ச் சொற்களில்தான் ஒவ்வொரு முறையும் அறை கிளம்பியது.

மூத்தவர் ஏறும்போது 8:50. பத்து நிமிடத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் தேசிய கீதம், அதன்பின் கூச்சல். திட்டப்படி அரை மணி முன்பே முடித்திருக்க வேண்டியவர்கள் நாங்கள். இளைஞர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து வெளியேறினார்கள். 82 பேரில் கடைசிவரை இருந்தவர்கள் சுமார் 55. அவர் அனுபவஸ்தர், ஒவ்வொரு கூச்சலுக்கும் நிறுத்தி "இது எனக்கா, அவர்களுக்கா?" என்று கேட்டுச் சமாளித்தார். இருந்தாலும் மாற்றி எழுதிக்கொண்டு வந்த புதிய பகுதி கவனிப்பாரில்லாமல் போனது. 9:20-க்கு முடித்தோம். ஆட்டத்தில் அயர்லாந்து 13-8 என்று ஜெயித்தது. வாகனம் நிறுத்துமிடத்தில் எங்கள் கூட்டம்தான் சிரித்த முகத்தோடு போனது.

கணக்கு

டிக்கெட் வரவு: 31 பேர் 150 வீதம், 51 பேர் 180 வீதம், மொத்தம் 13,830 ராண்ட். அறை வாடகை 6,000. தாய்மார்கள் சமைத்துக் கொடுத்ததால் சாப்பாட்டுக்குப் பொருள் செலவு மட்டும் 1,640. தொகுப்பாளரோடு சேர்த்து ஐந்து பேருக்குக் கொடுத்தது 2,700. மிச்சம் 3,490.

எங்கள் கூட்டம் பாரில் வாங்கியது 3,400 ராண்டுக்கு என்று மேலாளர் பிறகு சொன்னார், பெரும்பாலும் குளிர்பானம். பழைய ஒப்பந்தத்தில் இதே 82 பேர் 150 ராண்டுக்கு வந்திருந்தால், 8,600 குறையைக் கட்டி, பேச்சாளர்களுக்கும் கொடுத்தபின் 1,000 மிஞ்சியிருக்கும். ஆக மறுபேச்சில் கிடைத்த லாபம் 2,490. தேவைப்பட்ட 8,000-க்குப் பாதிகூட வரவில்லை. மிச்சத்துக்கு நவம்பரில் பிரியாணி விற்றோம்.

அடுத்த முறை

ஒப்பந்தத்தில் பார் நிபந்தனை இருந்தால், வருகிறவர்கள் அந்த நாளில் குடிப்பார்களா என்பதைத்தான் முதலில் கேட்போம். புரட்டாசியில் மறுபடி நடத்தவும் எனக்குத் தயக்கம் இல்லை. குழுவில் மற்றவர்கள் ஒப்பவில்லை. ஆனால் அன்று மூன்று தலைமுறை ஒன்றாக உட்கார்ந்ததற்குக் காரணமே அந்த மாதம்தான் என்று நினைக்கிறேன். நடத்தினால் ஏழரைக்கு ஆரம்பிப்போம், ரக்பி இல்லாத இரவாகப் பார்ப்போம், சாப்பாட்டை இடைவேளையில் வைக்காமல் உள்ளே வரும்போதே கையில் கொடுத்துவிடுவோம். செவிலியரை முதல் பாதியிலேயே ஏற்றியிருந்தால் எல்லாருக்கும் வேலை சுலபமாகியிருக்கும். முதல் ஆளாக அந்த இளைஞரை அனுப்பியது எங்கள் தவறு, அவருடையதல்ல.

தமிழ்ப் பகுதியை என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. மாணவர்கள் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு நிமிடம், தமிழில் சொல்லி அவர்களே ஆங்கிலத்தில் கெடுப்பது போல ஏதோ யோசித்து வைத்திருக்கிறார்கள். என்னைச் சேர்க்கவில்லை.

2024-க்கு மே 18 சனிக்கிழமையைப் பேசியிருந்தோம். அந்த ஜனவரியில் கோயில் நாட்காட்டி ஒன்றை மேலாளரிடம் கொடுத்தேன். ரக்பி அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார். பிறகு ஒரு நாள் போன் செய்து, மே 18-க்கு நேரே ஏதோ சின்ன எழுத்தில் போட்டிருக்கிறதே, அன்று பார் திறக்கலாமா கூடாதா என்று கேட்டார்.